ஒரு எண்ணை மாற்றினால் நாற்காலியே மாறும்

டெபிட், கிரெடிட் எழுதிப் பிழைப்பவனுக்கு நாற்காலியோடு இருக்கும் சம்பந்தம் அதில் உட்காருவது மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அக்கா பெண் ஃபர்னிச்சர் டிசைன் படிக்க இங்கே அகமதாபாத்துக்கு வந்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவள் வந்தால் கூடவே லேப்டாப்பும் வரும். அதில் அவள் காட்டுவது புரிய வேண்டும் என்பதற்காகத் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்த பாடம் வரலாறு, பி.காம். சேர்ந்தது தனிக் கதை :-)

அவள் கற்பது பாராமெட்ரிக் டிசைன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வீட்டுக் கடனுக்கு எக்ஸெல் தாளில் இ.எம்.ஐ. போட்டிருக்கிறீர்களா? அசல், வட்டி, வருடம் என்று மூன்று கட்டம். வட்டியைக் கால் சதவீதம் ஏற்றினால் 240 மாதக் கணக்கும் தானாக மாறும். நாம் அங்கே எழுதி வைத்தது 240 தொகைகளை இல்லை, அவற்றுக்குள் இருக்கும் உறவை. அவளும் அதையேதான் ஸ்டூலுக்குச் செய்கிறாள். உட்காரும் உயரம், காலின் சாய்வு, பலகையின் கனம் எல்லாம் கட்டங்கள். உயரத்தை 45 சென்டிமீட்டரிலிருந்து 42 ஆக்கினால் ஒவ்வொரு துண்டும், ஒவ்வொரு காடியும் தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது.

கும்பகோணத்தில் அத்தானுக்கு மரப்பட்டறை. மூன்று ஆசாரிகள் வேலை செய்கிறார்கள். இவள் ஒரே பெண். நான் இதையெல்லாம் போனில் விளக்கியதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எல்லாத்தையும் அந்தப் பொட்டியே பாத்துக்கும்னா, எங்கிட்ட முப்பது வருஷமா இருக்கறவன் என்ன மாப்ளே பண்ணுவான்?" கடன் கேட்டு வருபவரிடம் நூறு கேள்வி கேட்பவன் நான், அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. வரலாற்றில் கிடைக்குமா என்று தேடினேன்.

முதலில் பழைய கதை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுவாமிமலை. அங்கே சிலை செய்யும் ஸ்தபதிகள் ஒடியோலை என்று ஒன்று வைத்திருப்பார்கள். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதைக் கணக்காக மடித்து அளவு எடுப்பார்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம், தாலத்துக்கு 12 அங்குலம். அந்த அங்குலம் நம் ஸ்கேலில் இருக்கும் இஞ்ச் இல்லை, சிலைக்குச் சிலை மாறுவது. ஒரு அடிச் சிலையோ ஆறு அடிச் சிலையோ, ஓலையின் நீளம் மாறினால் கண், கை, இடுப்பு எல்லா அளவும் கூடவே மாறும். ஒரு எண்ணை மாற்றி முழு உருவத்தையும் மாற்றும் வித்தைக்கு மின்சாரமே தேவைப்படவில்லை!

நாற்காலியும் அப்படித்தான் இருந்தது. யார் உட்காரப் போகிறாரோ அவருக்குத் தகுந்த அளவு. அதை மாற்றியது தொழிற்சாலை. மைக்கேல் தோனெட் என்ற ஜெர்மானியத் தச்சர் வியன்னாவில் இருந்துகொண்டு, பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1859ல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலிக்கு ஆறு மரத் துண்டுகள், பத்து திருகாணி, இரண்டு நட்டு போதும். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள். 1930க்குள் சுமார் 5 கோடி விற்றதாகச் சொல்கிறார்கள். மலிவு, அழகு, உறுதி எல்லாம் சரி. ஆனால் அளவு ஒன்றுதான், உட்காருபவர் அதற்குத் தகுந்தபடி அனுசரித்துக்கொள்ள வேண்டும். ஆலைக்கு அச்சு மாற்றுவது பெரும் செலவு அல்லவா?

அந்தச் செலவு குறைந்த கதைதான் கம்ப்யூட்டர் கதை. அதன் வேரும் மரத்தில்தான் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். கப்பல் கட்டுமிடங்களில் வளைவு வரைய மெல்லிய மரச் சட்டத்தை வளைத்து, அது நகராமல் இருக்க ஈயக் கட்டிகளை வைப்பார்கள். அந்தச் சட்டத்தின் பெயர் ஸ்ப்ளைன். 1946ல் ஷோன்பெர்க் என்ற கணித அறிஞர் அதே பெயரைத் தன் வளைகோட்டுக் கணக்குக்கு வைத்தார். பிறகு பிரான்சில் சிட்ரோயன் கம்பெனியில் தெ காஸ்டெல்ஜோவும் ரெனோ கம்பெனியில் பெஸியேயும் கார் உடம்பின் வளைவை எண்ணாக்கும் வழியைத் தனித்தனியாகக் கண்டார்கள். அத்தான் பட்டறையில் மூங்கில் பிளாச்சை வளைத்துப் பென்சிலால் கோடு இழுப்பார்கள். இவள் திரையில் மௌஸால் இழுக்கிற வளைவுக்கு இன்றும் ஸ்ப்ளைன் என்றுதான் பெயர்.

அடுத்து வருகிறவர் ஒரு மாணவர். ஐவன் சதர்லேண்ட், 1963ல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். அப்போது அவருக்கு வயது 24. ஒளிப்பேனாவால் திரையில் கோணல் மாணலாக ஒரு கட்டம் போட்டு, 'இந்த இரண்டு கோடும் இணை, இந்த இரண்டும் சமம்' என்று சொன்னால் இயந்திரம் நிமிர்த்திக் கொடுக்கும். உறவைச் சொன்னால் உருவம் வரும் என்று இயந்திரத்தில் செய்து காட்டியது அதுதான். (எங்கள் தொழிலுக்கு விரிதாள் தந்த டான் பிரிக்லினும், 1978ல் அந்த யோசனை தோன்றியபோது ஹார்வர்டில் எம்.பி.ஏ. மாணவர்தான். அடுத்த வருடமே விசிகால்க் வந்துவிட்டது.)

கட்டடக் கலையில் பாராமெட்ரிக் என்ற சொல்லைப் புழங்கவிட்டவர் இத்தாலியரான லூயிஜி மொரெட்டி. பார்வையாளரின் கண்ணுக்கு ஆட்டம் தெரியும் கோணம் போன்ற அளவுகளிலிருந்தே உருவான ஸ்டேடிய மாதிரிகளை 1960ல் மிலன் கண்காட்சியில் வைத்தார். நிக்சனைக் கவிழ்த்த வாட்டர்கேட் கட்டடத்தை வடிவமைத்தவரும் இதே மனிதர்தான்! ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போன கணிதக்காரர் சாமுவேல் கைஸ்பெர்க் 1985ல் ஒரு கம்பெனி தொடங்கி, ப்ரோ இன்ஜினியர் என்ற மென்பொருள் மூலம் இதை ஆலைகளுக்குள் கொண்டுபோனார். ஆனால் அதன் விலை மாணவருக்கு எட்டாத உயரம்.

மாணவர் கைக்கு இது வந்தது 2007ல். ரைனோ என்ற வரைகலை மென்பொருளுக்குத் துணையாக டேவிட் ருட்டன் எழுதிய கிராஸ்ஹாப்பர் இலவசமாக வெளிவந்தது. சின்னச் சின்னப் பெட்டிகளைக் கம்பிபோல் இணைத்துக்கொண்டே போகலாம், நிரல் எழுதத் தெரிய வேண்டாம். அதற்கு முதலில் வைத்த பெயர் 'எக்ஸ்ப்ளிசிட் ஹிஸ்டரி', அதாவது வெளிப்படையான வரலாறு. முடிந்த வடிவத்தோடு, அது எந்த வழியாக வந்தது என்பதும் கண்ணெதிரே இருக்கும். எங்கள் ஆடிட்டர்கள் கேட்பதும் அதுதானே? தொகை சரியாக இருந்தால் போதாது, அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும்.

அத்தானின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் இதுதான். வழி தெரிகிறது, சரி. அந்தக் கட்டங்களில் போடும் எண் எங்கிருந்து வருகிறது?

சில எண்கள் புத்தகத்தில் இருக்கின்றன. இங்கே இருக்கும் என்.ஐ.டி. 1997ல் தேப்குமார் சக்ரபர்த்தியின் நூல் ஒன்றை வெளியிட்டது. இந்தியர்களின் உடல் அளவுகளை எடுத்துத் தொகுத்த நூல். வெளிநாட்டு அளவில் செய்த நாற்காலியில் உட்கார்ந்து கால் தரையில் படாமல் தொங்கவிட்டிருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சில எண்கள் எந்தப் புத்தகத்திலும் அகப்படாது. ஜார்ஜ் நகாஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்கர், 1930களின் இறுதியில் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தைப் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டவர். 1964ல் இதே அகமதாபாத்துக்கு வந்து என்.ஐ.டி.யில் ஃபர்னிச்சர் வடிவமைத்தார். ஒவ்வொரு பலகையின் ரேகையையும் பார்த்த பிறகுதான் மேஜையின் வடிவத்தை முடிவு செய்வார். அவருடைய கண்ணுக்குக் கட்டம் ஏது?

போன மாதம் இவள் தன் ஸ்டூல் ஃபைலை அப்பாவுக்கு அனுப்பினாள். பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் அமைப்பு, மொத்தம் 40 காடி. அவர் முதலில் சொன்னது: "18 மில்லி பிளைவுட்னு கடைக்காரன் சொல்லுவான், அளந்தா அரை மில்லி குறையும்." கனம் ஒரு கட்டம்தான் என்பதால் ஒரு நொடியில் 40 காடியும் திருந்திவிட்டன. பேனாவால் வரைந்திருந்தால் ஒரு ராத்திரி வேலை. ஆனால் அடுத்த கேள்வியில் பெண் விழித்தாள். "இதையே தேக்குல பண்ணா? ஐப்பசி மழையில பலகை குறுக்க ஊதும், நெடுக்க ஊதாது. அதுக்கு எந்தக் கட்டம்?"

கட்டம் இல்லை. அன்று ராத்திரி அவள் ஒன்று சேர்த்தாள். ரேகைக்குக் குறுக்கே விட வேண்டிய இடைவெளி. அதில் எவ்வளவு போடுவது என்று பட்டறையில் மூத்த ஆசாரியைக் கேட்டார்கள். அவர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம், மரத்துக்கு மரம் வேறு வேறு. இப்போது அந்த ஃபைலில் மர வகை என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. தேக்கு, வேங்கை, வேம்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் சொன்ன எண்.

கருவி கேட்பதை மட்டும் நிரப்பிக்கொண்டு போனால், கேட்கப்படாத அறிவெல்லாம் ஒரு தலைமுறையில் காணாமல் போய்விடும். அது வங்கியிலும் நடந்திருக்கிறது. கடன் விண்ணப்பத்தில் கட்டம் இல்லாத காரணத்தால், ஆளைப் பார்த்தே நாணயம் சொன்ன பழைய மேனேஜர்களின் அறிவு அவர்களோடு ஓய்வுபெற்றுவிட்டது. பட்டறையில் அப்படி ஆகாமல் இருக்க இன்னும் நேரம் இருக்கிறது. அந்த ஆசாரிக்கு 61 வயது. தீபாவளி லீவில் இரண்டு வாரம் பட்டறையிலேயே உட்காரப் போவதாக மருமகள் சொல்லியிருக்கிறாள், நோட்டும் பென்சிலுமாக.