கடலும் நீதிமன்றமும்

நீதிபதி ஓரிடத்தில் அமர்ந்திருக்க, மக்கள் அவரைத் தேடிச் செல்வதே என்றுமுள்ள நியதி என நாம் எண்ணுகின்றோம். வரலாறு வேறு கூறுகின்றது. 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் இலங்கையின் உயர் நீதிமன்ற நீதிபதிகளையே ஊர்சுற்றி வழக்குக் கேட்கப் பணித்தது.

நெடுந்தீவு ஏழையின் நிலை யாது? ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்துக்குச் செல்ல, குறிகட்டுவான் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். பின் புங்குடுதீவு, வேலணை வழியே தரைப்பயணம். கடல் கொந்தளித்தால் படகில்லை. வழக்கு ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு தவணையும் ஒரு நாட்கூலியை விழுங்குகின்றது.

2020இல் கொள்ளைநோய் நீதிமன்றங்களை முடக்கியது. அவ்வாண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் காணொளி விசாரணைக்கு நெறிமுறை வகுத்தது. இலங்கையில் 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம் அதற்கு இடமளித்தது. நோய் தணிந்ததும், திரையா மன்றமா என்ற வினா நீதிபதிகள் முன் எழுந்தது.

தவணை கேட்கவும் தாபரிப்புப் பணம் கோரவும் கடல் கடப்பானேன்? அங்கே திரை ஏழைக்குத் துணை. ஆயின், விளக்கமறியலில் உள்ளவன் நேரில் வரவேண்டும். அவன் உடலிலுள்ள காயத்தையும், அவனருகே நின்று அச்சுறுத்துபவனையும் திரை மறைத்துவிடும். ஆட்கொணர் மனு ஆளையே கொணரச் சொல்வது இதனாலன்றோ?

எது நீதிபதிக்கு வசதி என்பதன்று வினா. எது எளியவனுக்குக் காப்பு என்பதே. 1833இல் ஊர்சுற்றிய நீதி, இன்று நெடுந்தீவுத் துறைமுகத்தில் வந்திறங்கலாகாதா?