மூன்று சிவப்புப் பொட்டு - ஒரு அருங்காட்சியகம் வீடு மாறிய கதை

போன வருடம் நாங்கள் வீடு மாறினோம். ஃப்ரிட்ஜ், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. உடைந்தது ஒன்றே ஒன்றுதான். பாட்டியின் தஞ்சாவூர் ஓவியம். செய்தித்தாளில் சுற்றி, படுக்க வைத்து, அதன் மேல் பாத்திர மூட்டையை ஏற்றியிருக்கிறார்கள். கண்ணாடி நொறுங்கி, வெண்ணெய்க் கிருஷ்ணனின் தங்க ரேக்கைக் கிழித்துவிட்டது.

நஷ்ட ஈடு கேட்டபோது வந்த பதில்: "பில் இருக்கா?"

பாட்டி அறுபது வருடத்துக்கு முன் கல்யாணச் சீராகக் கொண்டு வந்த படம். அதற்கு ஏது பில்? நானோ அந்த செமஸ்டரில்தான் இன்சூரன்ஸ் பேப்பரில் இழப்பீட்டுக் கோட்பாட்டை உருப்போட்டுக் கொண்டிருந்தேன். என்னால் பாட்டிக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல முடியவில்லை.

அந்தக் கோபத்தில், விலைமதிப்பில்லாத படங்களை எப்படித்தான் இடம் மாற்றுகிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்ததுதான் பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் 1939-இல் 'வீடு காலி பண்ணிய' கதை.

1939 ஆகஸ்ட் 25. போர் எந்த நேரமும் வெடிக்கலாம் என்ற நிலை. லூவரை மூன்று நாள் மூடுகிறார்கள். வெளியே சொன்ன காரணம் பராமரிப்பு வேலை. உள்ளே நடந்ததோ ராப்பகலாக மூட்டை கட்டும் வேலை. இதை முன்னின்று நடத்தியவர் பிரான்சின் தேசிய அருங்காட்சியகங்களின் துணை இயக்குநராக இருந்த ழாக் ழோஜார். ஊழியர்கள் போதவில்லை. லூவர் கலைப் பள்ளி மாணவர்கள் வந்தார்கள். சமாரித்தேன் என்ற பெரிய கடையின் பணியாளர்களும் கைகொடுத்தார்கள்.

இது திடீரென்று எடுத்த முடிவு இல்லை நண்பர்களே. 1870 போரின்போது லூவர் ஓவியங்கள் பிரெஸ்ட் துறைமுகத்துக்கும், முதல் உலகப் போரில் துலூஸ் நகருக்கும் போயிருக்கின்றன. 1938 செப்டம்பரில் போர் வரும் போலிருந்தபோது முக்கியமான சில படைப்புகளை ஷாம்போர் கோட்டைக்கு அனுப்பி, ஆபத்து விலகியதும் திரும்பக் கொண்டு வந்தார்கள். ஒரு வகையில் அது ஒத்திகை. எதை முதலில் எடுப்பது, எங்கே அனுப்புவது என்ற பட்டியல் தயாராக இருந்தது.

பெட்டிகளின் மேல் ஓவியத்தின் பெயரை எழுதவில்லை. வண்ணப் பொட்டுகளை வைத்தார்கள். மோனா லிசாவின் பெட்டிக்கு மூன்று சிவப்புப் பொட்டு. தூக்குகிறவருக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது, ஆனால் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்று தெரியும். நல்ல யோசனை இல்லையா?

என்னை மிகவும் ஈர்த்த விஷயம் வேறு. ஒவ்வொரு படைப்புக்கும் ஒவ்வொரு வைத்தியம்!

வெரோனேசேயின் 'கானாவூர் கல்யாணம்' கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். அது துணியில் வரைந்தது, அதனால் உருளையில் சுற்றிவிட்டார்கள். ஜெரிக்கோவின் 'மெதுசாவின் தெப்பம்' 7 மீட்டருக்கு மேல் அகலம். அதுவும் துணிதான், ஆனால் சுற்ற முடியாது. வண்ணத்தில் தார் போன்ற பிட்டுமன் கலந்திருந்தது, சுற்றினால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நாடக அரங்கின் திரைச்சீலைகளை ஏற்றும் நீண்ட வண்டியைக் கொண்டு வந்து நிற்க வைத்தே ஏற்றினார்கள். வெர்சாய் நகரில் அது சாலைக்கு மேலே போன மின்கம்பியில் மாட்டி, ஊரே இருட்டாகிவிட்டது! படத்தை அங்கேயே சில காலம் பத்திரப்படுத்த வேண்டியதாயிற்று. பிறகு பயணம் தொடர்ந்தபோது கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க ஆட்கள் கூடவே போனார்கள்.

சாமோத்ராஸ் வெற்றி தேவதை பல துண்டுகளை ஒட்டி நிறுத்திய பளிங்குச் சிலை. பிரான்ஸ் போர் அறிவித்த செப்டம்பர் 3-ஆம் தேதி, படிக்கட்டின் மேல் மரச் சரிவு அமைத்து, கயிறு கட்டி அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள்.

மோனா லிசாவோ பாப்லர் மரப் பலகையில் வரைந்தது. பலகை ஈரத்தில் உப்பும், வறட்சியில் வளையும். அதனால்தான் 1940-இல் லோக்-தியூ மடாலயம் ரொம்ப ஈரமாக இருக்கிறது என்று மோந்தோபான் நகருக்கு மாற்றினார்கள். அந்த அம்மணி போர் முடிவதற்குள் ஐந்து முறை இடம் மாறி, 1945-இல் பாரிஸ் திரும்பினார், பத்திரமாக.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். 1962 டிசம்பரில் அதே மோனா லிசா கப்பலில் அமெரிக்கா போனது. இன்சூரன்சுக்காகப் போட்ட மதிப்பு 100 மில்லியன் டாலர். ஆனால் பாலிசி எடுக்கவே இல்லை! பிரீமியத்துக்கு ஆகும் பணத்தைவிட, மிகச் சிறந்த பாதுகாப்புக்கு ஆகும் செலவு குறைவு என்று கணக்குப் போட்டார்கள்.

எங்கள் பாடப்புத்தகத்தில் இந்த உதாரணம் இல்லை, இருந்திருக்கலாம். இன்சூரன்ஸ் பணத்தைத் திருப்பித் தரும், பொருளைத் தராது. பொருளைக் காப்பாற்றுவது அது எதில் உடையும், எதில் நனையும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும் ஆள்தான். லூவரில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த ஆள் பாட்டி. ஆனால் மூட்டை கட்டிய அன்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

நீங்கள் வீடு மாறினால் இவ்வளவு செய்யுங்கள். படத்தை முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள், உடைந்தாலும் சில்லு படத்தில் விழாது. படுக்க வைக்காதீர்கள், நிற்க வையுங்கள். முடிந்தால் மடியில் வைத்துக் கொண்டு போங்கள்.

படங்கள் போன பிறகு லூவரின் சுவர்களில் வெறும் சட்டங்கள் நின்றதைப் புகைப்படத்தில் பார்த்தேன். எங்கள் புது வீட்டுக் கூடத்திலும் பாட்டி ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறார். கிருஷ்ணன் இன்னும் ஓவியரிடம்தான் இருக்கிறார். சரியாகி வரும் அன்று மூன்று சிவப்புப் பொட்டு வைத்து நானே தூக்கி வரப் போகிறேன்.