ஊருக்கு யார் கடிதம் எழுதுவது? வன்னியில் பல்கலைக்கழக நிருவாகமும் மண்ணின் அறிவும்

வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, முப்பது ஆண்டு கழித்துக் கிடைத்த தகுதி அது. பம்பைமடுவில் இந்தப் பல்கலைக்கழகம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள். வன்னி உயர்கல்விக்குத் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது. இடம் கொடுத்த ஊர்களோடு இந்த நிறுவனங்கள் யார் வழியாகப் பேசுகின்றன என்பதுதான் கேள்வி. விரிவுரையாளர் ஒருவரின் தனிப்பட்ட பழக்கம், மாணவர் ஒருவரின் உறவுமுறை என்றே பதில் பெரும்பாலும் அமைகிறது. அந்த விரிவுரையாளர் மேற்படிப்புக்கு வெளிநாடு போனதும் தொடர்பும் போய்விடுகிறது. மண்ணின் மக்களோடான உறவு நல்லெண்ணத்தால் மட்டும் நிற்பதில்லை. கடிதம், நாட்காட்டி, கொடுப்பனவுச் சிட்டை, பதிவேடு என்ற அலுவலக வேலையில்தான் அது நிற்கிறது. அந்த வேலைக்கு நிரந்தரப் பதவியும் அதிகாரமும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், மண்ணின் மக்கள் யார்? நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணிபுரிந்த எச். பார்க்கர் 1909இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ நூலில் வன்னி வேடரைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று ஆதிவாசிகள் என்றதும் கண் தம்பானைக்கும் வாகரைக்கும் போகிறது. வன்னியை எவரும் நினைப்பதில்லை. மறுபுறம், கிளிநொச்சியின் குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும், 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கியவர்களும் இங்கே பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். பூர்வீகத்தை மட்டும் அளவுகோலாக்கினால் இவர்கள் வெளியே நிற்க நேரும். ஓர் இடத்தின் குளம், காடு, கோயில் பற்றிய அறிவையும் கடமையையும் சுமப்பவர் எவரோ அவரை மண்ணின் மனிதராகக் கொள்வதே வன்னிக்கு நேர்மையான வரையறை.

இத்தகைய மக்களோடு பேசுவதற்கெனத் தனி அமைப்புகள் பிற நாடுகளில் உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில், ங்காய் தாஹு என்ற மாவோரிக் குலத்தோடு கலந்தாலோசிப்பதற்கென்றே ஒரு குழு இயங்குகிறது. ஆய்வாளர் தம் திட்டத்தை முன்கூட்டியே அதனிடம் வைக்க வேண்டும். கனடாவில் 2015இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 94 பரிந்துரைகளை முன்வைத்தபின், பழங்குடி உறவுக்கான அலுவலகங்கள் பல பல்கலைக்கழகங்களில் வலுப்பெற்றன. அங்கே ஒருங்கிணைப்பாளர் செய்யும் வேலை பெரும்பாலும் சாதாரணமானது: மூத்தோரை அழைப்பது, வாகனம் ஒழுங்குசெய்வது, கொடுப்பனவைத் தாமதமின்றிக் கையில் சேர்ப்பது, குறிப்பெடுப்பது. இவற்றில் ஒன்று பிசகினாலும் அடுத்த முறை அந்த மூத்தவர் வரமாட்டார்.

‘இதற்கெனத் தனிப் பதவி எதற்கு? கிராம அலுவலர் இருக்கிறார், பிரதேச செயலகம் இருக்கிறது’ என்பது நியாயமான எதிர்வாதம். பட்டியலும் முகவரியும் அவர்களிடம்தான் உண்டு. ஆனால் கிராம அலுவலர் கேட்டால் வன்னியில் ‘மாட்டேன்’ என்று சொல்வது எளிதல்ல. வதிவிடச் சான்றுக்கும், அஸ்வெசும உதவித்தொகை விண்ணப்பத்துக்கும், வெள்ள நிவாரணப் பட்டியலுக்கும் அந்தக் குடும்பம் அதே மேசைக்குத்தான் போக வேண்டும். அந்த மேசை வழியாக வரும் சம்மதத்தைச் சுயவிருப்பான சம்மதம் என்று எந்த ஆய்வு அறநெறிக் குழுவும் ஏற்கக் கூடாது. போரில் இடம்பெயர்ந்தோர் வைக்கப்பட்டிருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை, கணக்கெடுப்புப் படிவத்துக்குப் பதில் சொன்னால்தான் கூரையும் அரிசியும் என்று வாழ்ந்த மக்கள் இவர்கள். கேள்வித்தாள் கொண்டு வருபவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார்கள். கேட்டதற்கெல்லாம் ‘ஓம்’ என்பார்கள். அந்த ‘ஓம்’ தரவாக மாறும்போது ஆய்வே கெட்டுப்போகிறது.

ஒருங்கிணைப்பின் நுணுக்கத்தைக் கற்க முல்லைத்தீவுக்காரர் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டி வருகிறது. முதலில் பாக்குத்தெண்டல் என்ற சடங்கு. அதன்பின் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். அங்கே பொங்கல் முடிந்ததும் மறுநாள் திங்கட்கிழமை வற்றாப்பளையில் பெரும் பொங்கல். எந்த வேலைக்கு யார் பொறுப்பு, எந்தப் பொருள் எங்கிருந்து எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் மரபாக வகுக்கப்பட்டவை. ஆயிரக்கணக்கானோர் கூடும் நிகழ்வு ஆண்டுதோறும் பிசகாமல் நடக்கிறது. இந்த நாட்காட்டியை அறியாமல் அந்தக் கிழமைகளில் முள்ளியவளைக்குக் களஆய்வுக் குழுவை அனுப்பும் பீடம், தன் அறியாமையைத்தான் ஊருக்கு அறிவிக்கிறது. மாறாக, பொங்கல் முடிந்து சில நாள் கழித்து, கோயில் நிருவாகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிப் போகும் குழு மரியாதையோடு வரவேற்கப்படும்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் இன்னொரு பாடம். குளத்து நீரில் எவ்வளவு ஏக்கர் சிறுபோகம் செய்வது, எந்த நாளில் தண்ணீர் திறப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் பேசி முடிவெடுக்கிறார்கள். நீர் குறைந்த ஆண்டில் பங்கு பிரிப்பது சூடு பறக்கும் விவாதம். யாழ்ப்பாணக் குடிநீருக்கு இரணைமடு நீரைக் கொண்டுபோகும் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு 2010 அளவில் உருவானது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். விவகாரம் வடக்கு மாகாண சபை வரை போய், கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைந்து 2024இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் தாகமும் உண்மை, கமக்காரரின் அச்சமும் உண்மை. குளத்தின் கொள்ளளவைப் பொறியியலாளர் கணக்கிடலாம். கடைசி வாய்க்கால்காரருக்கு எந்த ஆண்டில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்பது கமக்காரரின் நினைவில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மேசையில் முன்னதாகவே வைக்க ஓர் அலுவலகம் இருந்திருந்தால், பிணக்கு முற்றியபின் பேசத் தொடங்கும் நிலை வந்திராது. இரணைமடுவுக்கு அருகிலேயே இன்று விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பல்கலைக்கழகப் பிரதிநிதி ஒருவர் ஒவ்வொரு போகமும், ஆலோசனை சொல்ல அல்லாமல் கேட்டுக் குறிப்பெடுக்க அமர்வது பெருஞ்செலவுக் காரியம் அல்ல.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பாம்புக்கடிக்கு மருந்து செய்யும் பரம்பரை விச வைத்தியரையோ, மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் நெல்லை அறிந்த முதிய கமக்காரரையோ வகுப்புக்கு அழைத்தால், கணக்குக் கிளை தகைமைச் சான்றிதழ் கேட்கும். அவரிடம் அது இல்லை. இறுதியில் ‘போக்குவரத்துச் செலவு’ என்று ஒரு சிறு தொகை, அதுவும் மாதம் கழித்து. ஐம்பது ஆண்டு அனுபவத்துக்குப் பல்கலைக்கழகம் தரும் விலை அதுவென்றால், அந்த அறிவைப் பாடத்திட்டத்தில் சேர்த்ததாகப் பெருமைப்படுவதில் பொருள் இல்லை. மரபறிவாளருக்கான கொடுப்பனவு வகையைப் பல்கலைக்கழகப் பேரவை தனியே வகுத்து, நிதிப் பிரமாணங்களுக்கு உட்பட்ட சிட்டையையும் உருவாக்க வேண்டும். மாற்றங்களில் முதலாவது இதுவே. மற்றவை இதன்பின்தான் நம்பப்படும்.

அடுத்தது பதிவேடு. எந்தக் கிராமத்துக்கு எந்த ஆய்வுக் குழு எப்போது போனது, என்ன கேட்டது, முடிவை ஊருக்குத் திருப்பிச் சொன்னதா? ஒரே விதவைப் பெண்ணிடம் மூன்று பீட மாணவர்கள் அடுத்தடுத்துப் போய்ப் போர்க்கால இழப்பைக் கேட்பதை இந்தப் பதிவேடு தடுத்துவிடும். ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கம் ஒன்று கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் போய்ச் சேராமல் பட்டச் சான்றிதழ் வழங்கப்படக் கூடாது என்ற விதியும் இதனோடு சேர வேண்டும்.

தமிழ்ச் சுருக்கம் என்பது வேறொரு காரணத்தாலும் அவசியமாகிறது. பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்கள மாணவர்களும் படிக்கிறார்கள்; கற்கை ஆங்கிலத்தில் நடக்கிறது. இவர்கள் வன்னிக் கிராமமொன்றில் களஆய்வுக்கு இறங்கும்போது, உடன் போகும் தமிழ் மாணவரே மொழிபெயர்ப்பாளர், வழிகாட்டி, சமாதானத் தூதர் எல்லாமாகிறார். அதற்கான பயிற்சியோ மதிப்பெண்ணோ அவருக்கு இல்லை. ஒருங்கிணைப்பாளரின் கடமைப் பட்டியலில் மும்மொழித் தொடர்பையும் சேர்த்து, அந்த மாணவர் செய்யும் வேலைக்கு உதவியாளர் கொடுப்பனவு வழங்கினால், ஊரும் வளாகமும் ஒன்றையொன்று அறியும் முதல் தலைமுறையின் சுமை கொஞ்சம் குறையும்.