கடைசி ஆணியும் ஷெஃபீல்டின் பெயரும்

ஷெஃபீல்டுக் கத்தி என்றாலே பேச்சு எஃகின் பக்கம் போய்விடுகிறது. 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் மூசையில் உருக்கி எடுத்த எஃகுதான் அந்த இங்கிலாந்து நகரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது என்பார்கள். சவரக்கத்திக்கு அது பொருந்தும். மடக்குக்கத்திக்கு அது பாதிக் கதைதான். அங்கே கத்தித் தொழிலாளர் சங்கம் நாடாளுமன்றச் சட்டப்படி அமைந்தது 1624இல்; ஹண்ட்ஸ்மன் வந்தது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு. மடக்குக்கத்தியின் தரத்தை முடிவுசெய்தவர், பாகங்களைக் கோத்து முடித்த கைவினைஞரே.

அடிப்பவர், சாணை பிடிப்பவர், கோப்பவர் என்று அங்கே வேலை பிரிந்திருந்தது. பதம் போடும்போது அலகு கோணினால் சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடலாம். கைப்பிடியில் அந்தச் சலுகை கிடையாது. தந்தம் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சூடாக்கி அழுத்தித் தட்டையாக்கிய எருமைக் கொம்பு, மெருகேற்றும் சூட்டிலேயே பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். முத்துச்சிப்பி கொஞ்சமும் வளைந்துகொடுக்காது. ஆகவே தந்தத்தையும் கொம்பையும் நன்றாக உலரவிட்ட பிறகே தொட்டார்கள். பித்தளைத் தகடு, முதுகு வில், அலகு, பிடித்தகடு எல்லாவற்றையும் ஊடுருவி நிற்கும் ஆணியின் முனையை மேற்பரப்புக்குச் சற்றே மேலே விட்டு, சிறு சுத்தியலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுவார்கள். ஓங்கி ஓர் அடி விழுந்தால் ஆணி துளைக்குள்ளேயே பருத்துப் பிடியைப் பிளந்துவிடும். அல்லது அலகை இறுக்கிப் பிடித்து அசையவிடாது. மூடும்போதும் பாதி திறக்கையிலும் முழுதாகத் திறந்த பிறகும் அலகு எப்படி நடக்கிறது, எப்படிச் சொடுக்குகிறது என்று பார்ப்பார்கள். 1851 லண்டன் கண்காட்சிக்கு ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனம் செய்த நார்ஃபோக் கத்தியில் 75 அலகுகளும் கருவிகளும் இருந்தன, பிடியோ முத்துச்சிப்பி. நல்ல எஃகு இருந்தால் போதும் என்பவர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இயந்திரம் வந்ததும் இந்தக் கைத்திறனுக்கு அவசியம் போய்விட்டதே என்று கேட்கலாம். அமெரிக்காவிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் ஆலைகள் மலிவாகக் கத்தி செய்தன. 1890இல் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியதும் ஷெஃபீல்டுக்குப் பெரிய அடி. விலைப் போட்டியில் கைவேலை தோற்றது உண்மை. ஆனால் வெடிக்கும் பிடியை வெடிக்காமல் பொருத்த அந்த ஆலைகள் புது வழி கண்டுபிடித்துவிடவில்லை, பொருளை மாற்றிக்கொண்டன. முதலில் செல்லுலாய்டு, பின்னர் டெல்ரின் போன்ற பிளாஸ்டிக்குகள். ஒன்றுபோலவே இருக்கும் துண்டுகளுக்கு இயந்திரம் போதும். இந்தியாவிலிருந்து கப்பலேறிய கடமான் கொம்பில் ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. அதை அலகோடு இசைக்க ஒரு கை வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட கைகளில் பெயர்பெற்ற ஒருவரான ஸ்டான் ஷா 2021இல் காலமானார். முதுமையில் அவர் வேலை செய்த பட்டறை ஷெஃபீல்டின் கெல்ஹாம் ஐலண்டு அருங்காட்சியகத்துக்குள்தான் இருந்தது.