கருவியும் கையும்: உலாவித் தன்னியக்கத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் சரித வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்னார் இன்ன ஆண்டில் இன்னதைக் கண்டார் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. எவருடைய உழைப்பு அக்கருவியினுள் புகுந்தது, எவருடைய கையிலிருந்து எவருடைய ஆட்சிக்கு அது மாறியது என்னும் வினாக்கள் எழுவதில்லை. இலக்கிய ஆய்விலே புலவனை மட்டும் நோக்கிச் சமுதாயப் பகைப்புலத்தை மறந்த போக்கினை நாம் பலகாலும் கண்டித்து வந்திருக்கிறோம். அதே குறைபாடு கணினித்துறை வரலாற்றிலும் உண்டு. இக்கட்டுரையிலே, கடந்த இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலப்பகுதியில் உருவான ஒரு சிறு கருவியினத்தை எடுத்துக்கொள்வோம்: இணைய உலாவியை மனிதக் கையின்றி, எழுதிவைத்த கட்டளைகளால் இயக்கும் நிரல் நூலகங்களே அவை.

கருவி இன்னதெனத் தெளிதல் முதற்கண் வேண்டப்படுவது. உலாவியின்முன் அமர்ந்திருப்பவர் முகவரியைத் தட்டுகிறார்; பக்கம் விரிகிறது; பெட்டியிலே சொல்லை எழுதுகிறார்; பொத்தானை அழுத்துகிறார்; விடையை வாசிக்கிறார். இச்செயல்கள் ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதிவிடலாம். இப்பக்கத்தைத் திற, இப்பெயருடைய பெட்டியைத் தேடு, அதனுள் இதனை எழுது, அழுத்து, விடை தோன்றும்வரை காத்திரு, தோன்றியதை எடுத்துவா என்றவாறு அமையும் வரிகளை நூலகம் உலாவிக்கு எடுத்துச்செல்லும். உலாவியின் அகத்தே ஒவ்வொரு பக்கமும் கிளைத்துச் செல்லும் மரம்போன்ற அமைப்பாக இருப்பதால், கண்ணின் உதவியின்றியே குறித்த உறுப்பைப் பெயராலோ இடத்தாலோ கண்டுகொள்ள முடிகிறது.

இவ்விடத்தே மார்க்ஸ் 1867இல் வெளியான மூலதனத்தின் முதலாம் பாகத்திலே கருவிக்கும் இயந்திரத்துக்குமிடையே செய்த வேறுபாடு நினைவுகூரத்தக்கது. இயந்திரத்தின் தோற்றத்தை அவர் நீராவியிலே தேடவில்லை. தொழிலாளியின் கையிலிருந்த கருவி அக்கையை விட்டுப் பொறியமைப்பொன்றிலே பொருத்தப்படும் கணத்திலேயே இயந்திரம் தோன்றுகிறது என்பது அவர் காட்டிய உண்மை. உலாவி ஒரு கைக்கருவி. அதனைப் பிடித்திருந்த கையின் இடத்திலே நிரல் வந்து அமர்ந்தது. கருவி மாறவில்லை, பிடி மாறியது. நாம் ஆராயப்போவது அப்பிடி மாறிய வரலாற்றையே.

இது ஏன் 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே நிகழவேண்டும்? அதற்கு முன்பும் பக்கங்களைத் தானாகப் பெற்றுவரும் சிறு நிரல்கள் இருந்தன. ஆயின் அவை வெறும் பாடத்தை மட்டுமே பெற்றன. அக்காலப் பக்கங்களுக்கு அது போதியதாயிருந்தது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்திலே பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி, பத்து ஆண்டுகளுள் பக்கத்தின் அலங்காரம் என்ற நிலையினின்று பக்கத்தையே கட்டியெழுப்பும் சக்தியாக வளர்ந்தது. பக்கம் முழுமையாக வந்திறங்கும் பொருளாக இல்லாமல், வாசகரின் உலாவிக்குள்ளேயே ஆக்கப்படும் பொருளாயிற்று. எனவே, பக்கத்தைச் சோதிக்கவோ வாசிக்கவோ விரும்பும் நிரல் உலாவி முழுவதையும் இயக்கியே ஆகவேண்டிய நிலை ஏற்பட்டது. தேவை முன்னரே பிறந்துவிட்டது. கண்டுபிடிப்பாளர் பின்னரே வந்தார்.

2004ஆம் ஆண்டு சிக்காகோ நகரிலே தோட்வேர்க்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ், தமது நிறுவனத்தின் உள்ளகப் பயன்பாட்டு நிரலொன்றைச் சோதிப்பதற்காக ஒரு கருவியை ஆக்கினார். பின்னர் செலீனியம் என வழங்கப்பட்டது அதுவே. சோதிக்கப்பட்ட நிரல் யாது என்பதனை வரலாற்றாசிரியர் போகிறபோக்கிலே குறித்துச் செல்வர். அது ஊழியரின் வேலைநேரத்தையும் செலவுகளையும் பதியும் நிரல். உழைப்புநேரத்தை அளக்கும் ஏட்டினைச் சோதிக்கும் உழைப்பைக் குறைப்பதற்கென்றே இக்கருவியினம் பிறந்தது. தற்செயல்தான், எனினும் தற்செயல்களும் ஒரு சமுதாயத்தின் வழமைகளுக்குள்ளேதான் நிகழ்கின்றன.

பெயரின் வரலாறும் பொருளற்றதன்று. அக்காலத்திலே சோதனைக் கருவிச் சந்தையின் பெருமுதலாளியாக விளங்கியது மேர்க்குரி இன்டரக்டிவ் நிறுவனம். அதன் கருவிகள் விலையுயர்ந்தவை; உள்ளமைப்பு மறைக்கப்பட்டவை. மேர்க்குரி என்பது பாதரசம். பாதரச நஞ்சுக்கு செலீனியம் மாற்று என்னும் கூற்றை வைத்து ஹக்கின்ஸ் செய்த பகடியே பெயராக நிலைத்தது. 2006இல் ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனம் மேர்க்குரியை ஏறத்தாழ 450 கோடி டொலருக்கு வாங்கியது. அதே காலத்தில் எவரும் விலையின்றிப் பெறவும் திருத்தவும் கூடிய செலீனியம் சோதனையாளரிடையே பரவிக்கொண்டிருந்தது. யப்பானியரான ஷின்யா கசத்தானி, செயல்களைப் பதிந்து மீள நிகழ்த்தும் துணைக்கருவியை ஃபயர்பொக்ஸ் உலாவிக்கென ஆக்கி வழங்கினார். ஒரு நிறுவனத்தின் சம்பளப்பட்டியலுக்குள் அடங்காத கூட்டுழைப்பாக இது வளர்ந்தமை மனங்கொள்ளத்தக்கது.

முதலாவது செலீனியத்துக்கு ஒரு தடை இருந்தது. ஒரு தளத்திலிருந்து வந்த நிரல் இன்னொரு தளத்தின் பக்கத்தைத் தொடலாகாது என்பது உலாவிகளின் பாதுகாப்பு விதி. செலீனியமோ பக்கத்துக்குள்ளிருந்தே இயங்கியது. இதனால் அதனைச் சோதிக்கப்படும் தளத்திலேயே குடியமர்த்த வேண்டியதாயிற்று; அல்லது இடையிலே ஒரு வழங்கியை நிறுத்தி உலாவியை ஏமாற்ற வேண்டியதாயிற்று. அதே தோட்வேர்க்ஸ் நிறுவனத்திலே பணிபுரிந்த சைமன் ஸ்டூவர்ட் வேறு வழியைத் தேர்ந்தார். பக்கத்துக்குள் நுழையாது, உலாவியை வெளியிலிருந்து அதன் அகவாயில்கள் வழியாக ஓட்டுவதே அவருடைய வெப்டிரைவரின் முறை. 2009இல் இரு திட்டங்களும் இணைவதென முடிவாயிற்று. 2011 யூலையில் செலீனியத்தின் இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. 2018 யூன் 5ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெப்டிரைவரைப் பொதுநியமமாக ஏற்றுக்கொண்டது. ஒவ்வோர் உலாவியையும் ஓட்டும் இணைப்பினை அவ்வுலாவியை ஆக்குவோரே பேணவேண்டும் என்ற நிலை இதனால் உறுதிப்பட்டது. தன்னார்வலர் சுமந்த பாரத்தின் ஒரு பகுதி பெருநிறுவனங்களின் தோளுக்கு மாறிய இந்நிகழ்வை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

இனி, கையிழந்தவரை நோக்குவோம். மென்பொருளின் ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் முன்பாக, பழைய செயல்கள் யாவும் பழுதின்றி நிகழ்கின்றனவா என்று நூற்றுக்கணக்கான படிகளைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது சோதனையாளரின் தொழில். பெங்களூர், சென்னை, கொழும்பு முதலான நகரங்களிலே பட்டம்பெற்ற இளைஞர் பெருந்தொகையினர் இத்தொழில்வழியே மென்பொருட் துறையுள் நுழைந்தனர். அலுப்பூட்டும் இவ்வேலை இயந்திரத்துக்குப் போவதில் வருந்த என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அலுப்பு நீங்கியதா என்பதே எமது வினா.

இதற்கு ஒப்பாக ஒரு பழைய நிகழ்வுண்டு. 1824இல் இங்கிலாந்தின் பருத்தி நூற்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆலைமுதலாளிகள் மான்செஸ்டரிலிருந்த பொறியியலாளர் றிச்சர்ட் றொபேட்சை அணுகித் தாமே இயங்கும் நூற்பு இயந்திரமொன்றை வேண்டினர். 1825இலும் 1830இலும் அவர் அதற்கு உரிமம் பெற்றார். தேர்ந்த நூற்பாளரை அடக்குதற்கு மூலதனத்துக்குக் கிடைத்த ஆயுதமென 1835இல் அன்ட்று யூர் இதனைக் கொண்டாடினார். யூரின் இக்கூற்றை மார்க்ஸ் எடுத்தாண்டமை பலரும் அறிந்ததே. ஆயினும் 1979இல் வில்லியம் லாசோனிக் எழுதிய ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று. தாமே இயங்குவதாகச் சொல்லப்பட்ட இயந்திரம் தானே இயங்கவில்லை. அதனைச் சீர்செய்வோராகவும் உதவியாளரை மேற்பார்வை செய்வோராகவும் நூற்பாளர் நெடுங்காலம் நிலைத்தனர். சங்கம் அமைத்துக் கூலிப் பட்டியல்களையும் வென்றெடுத்தனர்.

உலாவித் தன்னியக்கத்திலும் இதனையே காண்கிறோம். பக்கத்தின் பொத்தானொன்று பெயர் மாறினால் நிரல் திகைத்து நிற்கிறது. வலையமைப்பு சற்றுத் தாமதித்தால், இல்லாத பழுதை இருப்பதாக அறிவிக்கிறது. கூகுள் நிறுவனம் 2016இல் தானே வெளியிட்ட கணக்கின்படி, அதன் எல்லாவகைத் தன்னியக்கச் சோதனைகளிலும் ஏறத்தாழ 16 சதவீதம் ஏதோ ஓரளவில் இத்தகைய நிலையின்மை உடையவை. இவற்றைத் திருத்துவோர் முன்னைய சோதனையாளரே; அல்லது அவர் இடத்துக்கு வந்தவர். 1974இல் ஹரி பிரேவர்மன் கூறிய திறனிழப்பு இங்கு நேர்கோட்டில் நிகழவில்லை. ஒரு சாரார் நிரலெழுதும் திறன்பெற்று உயர்ந்தனர். மறுசாராருக்கு வாயில் மூடியது. நூற்பாளருக்கு இருந்த சங்கமோ இவருள் மிகப் பெரும்பாலோருக்கு இல்லை. இவ்வேறுபாட்டைக் கூறாது ஒப்புமையை மட்டும் கூறுவது பொருந்தாது.

கட்டற்ற மென்பொருளை முதலாளித்துவத்தின் நடுவே மலர்ந்த பொதுவுடைமை எனப் போற்றும் ஒரு சாரார் எம்மிடையே உள்ளனர். அவர்கள் ஃபான்டம்ஜேஎஸ் என்னும் நூலகத்தின் கதையை ஊன்றிப் படித்தல் நன்று. இந்தோனேசியரான அரியா ஹிதாயத் 2011இல் வெளியிட்ட இது, திரையில் எதனையும் காட்டாது பின்னணியில் இயங்கும் உலாவி. இவ்வகையைத் 'தலையற்ற' உலாவி என்பர். ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் அன்றாடச் சோதனை இதனை நம்பியிருந்தது. பேணியவரோ மிகச் சிலர். 2017 ஏப்ரிலில், குரோம் உலாவியைத் திரையின்றி இயக்கும் வசதியை கூகுள் கொண்டுவரப்போகிறது என்பது தெரிந்ததும், தனியொருவராக அதனைப் பேணிவந்த விற்றாலி ஸ்லோபொடின் விலகினார். 2018 மார்ச்சிலே வளர்ச்சி நிறுத்தப்பட்டது. எவரும் எதனையும் பறிக்கவில்லை. சட்டம் மீறப்படவும் இல்லை. குரோமின் அடித்தளமும், 2017இல் அதனை ஓட்டுவதற்கென கூகுள் வெளியிட்ட பப்பட்டியரும் கட்டற்ற உரிமத்தில் அமைந்தவையே. உடைமைப் பத்திரம் பொதுவில் இருக்க, வேலையின் வேகத்தையும் திசையையும் தீர்மானிக்கும் அதிகாரம் சம்பளம் கொடுக்கும் இடத்திற் குவிகிறது. சில ஆண்டுகளில் பப்பட்டியரை ஆக்கியவருட் சிலர் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்துக்குப் பெயர்ந்தனர். 2020 சனவரியிலே பிளேரைட் வெளிவந்தது. அதே மாதத்திலே மைக்ரோசொஃப்ட் தனது எட்ஜ் உலாவியையும் குரோமின் அடித்தளத்துக்கு மாற்றியது.

இலக்கிய மாணவர் என்ற முறையிலே பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஃபான்டம் என்பது ஆவியுரு, பப்பட்டியர் பொம்மலாட்டக்காரர், பிளேரைட் நாடகாசிரியர். நிரலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் நாடகப் பிரதியைக் குறிப்பதே. ஆவி, ஆட்டுவிப்போன், ஆசிரியன் என இப்பெயர்கள் அனைத்தும் அரங்கிலிருந்து வந்தவை. உழைப்பைக் குறிக்கும் சொல் ஒன்றேனும் இல்லை. நிரலை எழுதுபவர் தம்மை ஆசிரியராகக் கருதிக்கொள்ள இப்பெயர்கள் இடந்தருகின்றன. மேர்க்குரியைப் பகடிசெய்த முதற்பெயரிலே ஓர் எதிர்ப்பாவது இருந்தது.

மிகக் கூர்மையான முரண்பாடு வேறிடத்தில் உள்ளது. பொதுவில் வைக்கப்பட்ட பக்கத்தை வாசிப்பதற்கு இயந்திரத்தை அனுப்பும் உரிமை எவருக்குண்டு? கூகுளின் தேடுபொறி உலகின் பக்கங்களை இயந்திரத்தால் வாசித்தே வளர்ந்தது. 2019 முதல் அது குரோமின் புதிய பதிப்புகளைக்கொண்டே அவற்றை விரித்து வாசிக்கிறது. தனியொருவர் அதே முறையிலே வாசிக்க முற்படின், அவர் மனிதர்தாமா என நிரூபிக்கும்படி கேட்கப்படுகிறார். வெப்டிரைவர் நியமத்திலேயே, தான் நிரலால் இயக்கப்படுவதை உலாவி பக்கத்துக்கு அறிவிக்கும் அடையாளமொன்று உண்டு. நேர்மைக்காக வைக்கப்பட்ட அவ்வடையாளத்தைக் கண்டு கதவடைக்கும் தளங்கள் பல. மனிதரென நிரூபிக்கும் வேலையுங்கூட உழைப்பாக்கப்பட்டது. 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலே தோன்றி 2009இல் கூகுளின் உடைமையான ரீகப்சா, தெளிவற்ற அச்சுச் சொற்களை மக்களைக்கொண்டு வாசிக்கச்செய்து பழைய செய்தித்தாள்களை எண்ணிம வடிவாக்கியது. வாசித்தவர் எவரும் கூலி பெறவில்லை.

நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் இம்முரண்பாட்டையே காட்டுகின்றன. லிங்க்ட்இன் தளத்தின் பொதுப் பக்கங்களை இயந்திரத்தால் திரட்டிய ஹைகியூ என்னும் சிறு நிறுவனம் 2017இல் வழக்காடியது. பொதுப்பக்கத்தை வாசித்தல் கணினிக் குற்றச்சட்டத்தை மீறுவதன்று என்னும் அதன் வாதத்துக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019இலும் 2022இலும் சார்பாக நின்றது. ஆயினும் பயனர் ஒப்பந்தத்தை மீறியதென்ற காரணத்தால் 2022 இறுதியில் ஹைகியூவுக்கு எதிராகவே வழக்கு முடிந்தது. லிங்க்ட்இன் 2016 முதல் மைக்ரோசொஃப்டின் உடைமை. பிளேரைட்டை ஆக்கி வழங்குவதும் மைக்ரோசொஃப்ட்டே.

ஆய்வாளரை நேரே தொடுவது மற்றொரு வழக்கு. வீட்டுவசதி, வேலைவாய்ப்புத் தளங்களின் கணிப்பு முறைகள் இனத்தாலும் பாலாலும் மக்களைப் பாகுபடுத்துகின்றனவா என்று அறிய, தன்னியக்க நிரல்களையும் கற்பனைப் பயனர் கணக்குகளையும் பயன்படுத்த விரும்பிய கிறிஸ்ரியன் சான்ட்விக் முதலிய பல்கலைக்கழக ஆய்வாளர் நால்வர், தளங்களின் விதியை மீறினால் சிறை நேருமோ என்ற அச்சத்தால் 2016இல் அமெரிக்க அரசுக்கெதிராக வழக்குத் தொடுத்தனர். பாகுபாட்டை அளக்க வேறு வழி அரிது. தளம் தன்னைப்பற்றித் தானே கூறுவதை நம்புவதா, வெவ்வேறு மனிதராகச் சென்று ஆயிரம் முறை தட்டிப்பார்ப்பதா என்பதே அவர்முன் இருந்த தெரிவு. ஆயிரம் முறை தட்டுவதற்குக் கை போதாது. 2020 மார்ச்சிலே வாஷிங்டன் நகரின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், தளத்தின் பயன்பாட்டு விதியை மீறுவது மாத்திரமே குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. கணக்குகளை முடக்கவோ ஒப்பந்த மீறலென உரிமை வழக்குத் தொடுக்கவோ தளத்துக்கு உள்ள அதிகாரத்தை அத்தீர்ப்பு தொடவில்லை.