தொட முடிந்த நீலம்

நண்பனின் முதல் கவிதைத் தொகுப்பு அது. அட்டைக்கு அவன் அம்மாவின் மயில்நீலச் சேலையைப் படம் எடுத்திருந்தான். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அச்சகத்திலிருந்து அட்டையின் மெய்ப்பு வாட்ஸ்அப்பில் வந்தபோது அவன் வேலையில் இருந்தான். நான்தான் பார்த்தேன். எல்ஆர்டி ரயிலில் நின்றபடி, திரை வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி வைத்துக்கொண்டு. மயில் கழுத்து மாதிரியே மின்னியது. "ஓகேண்ணே, அடிச்சிடுங்க" என்று பதில் போட்டேன்.

பத்து நாளில் 300 பிரதிகள் வந்தன. பெட்டியைப் பிரித்தவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இது அம்மா சேல இல்லடா" என்றான்.

அச்சகத்துக்குப் போய்க் கேட்டோம். "தம்பி, போன்ல நீங்க பார்த்தது வெளிச்சம். நான் அடிச்சுக் குடுத்தது மை. ரெண்டும் எப்படி ஒண்ணாவும்?" என்றார் அச்சக அண்ணன். அப்போது அது எனக்குச் சாக்காகத்தான் பட்டது. தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அதையே ஒருவர் 300 ஆண்டுகளுக்கு முன்பு எழுதிவைத்திருக்கிறார்.

யாக்கோப் கிறிஸ்தோஃப் லெ பிளோன் 1667இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மைக்கு ஒரு தகடு செய்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு முழுவண்ணப் படம் எடுத்தார். லண்டனில் அவர் தொடங்கிய கம்பெனி நொடித்துப்போனது. ஆனால் 1725 வாக்கில் வெளியிட்ட 'கொலொரித்தோ' என்ற சிறு நூலில் நிறத்தை இரண்டாகப் பிரித்தார். ஓவியன் கையில் எடுக்கும் பொருள்நிறம் ஒன்று. தொட்டு உணர முடியாத ஒளிநிறம் மற்றொன்று. முதல் வகையைக் கலந்துகொண்டே போனால் கறுப்பு வரும். இரண்டாவதைக் கலந்தால், நியூட்டன் காட்டியபடி, வெள்ளை வரும்.

அச்சு முதல் வழியில் வளர்ந்தது. இன்றைய அட்டைகள் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளால் ஆனவை. தாளில் விழும் ஒளியில் ஒரு பங்கை மை விழுங்கிவிடுகிறது. மிச்சம்தான் நம் கண்ணுக்கு. இரண்டாவது வழியில் 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வந்தார். ஒரு கட்டம்போட்ட ரிப்பனின் மூன்று படங்களைச் சிவப்பு, பச்சை, நீல ஒளியாகத் திரையில் ஒன்றன்மேல் ஒன்று விழச்செய்து நிறத்தைக் காட்டினார். கைபேசித் திரை அந்த வழியில் வந்தது. அதன் நீலம் தானே எரிகிற விளக்கு. அதில் தெரியும் பளீரென்ற நீலங்களும் பச்சைகளும் பல, நான்கு மைகளின் எல்லைக்குள் இல்லவே இல்லை. எங்கள் மயில்நீலமும் அப்படித்தான்.

ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய கல்லச்சகத்தில் ஒரு நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். அந்த முறையில் மெய்ப்பு என்றால் அதே மையால் தாளில் எடுத்துப் பார்ப்பது. எல்லாரும் ஒரே தாளைப் பார்த்துச் சண்டை போடலாம். பார்க்கும் விளக்குக்குக்கூட இன்று அச்சுத்துறையில் 5000 கெல்வின் என்று ஓர் அளவு இருக்கிறது. திரைகளுக்கும் ஒரு பொது ஒப்பந்தம் வேண்டும் என்று 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் எஸ்ஆர்ஜிபி என்ற அளவை முன்வைத்தன. ஆனாலும் என் போனும் உங்கள் போனும் ஒரே நீலத்தைக் காட்டுவதில்லை. ஒன்றில் வெளிச்சம் கூட, இன்னொன்றில் இரவுக்கான மஞ்சள் பூச்சு.

தமிழில் மெய் என்றால் உண்மை, உடம்பும்தான். நான் ரயிலில் ஒப்புதல் கொடுத்த மெய்ப்புக்கு உடம்பே இல்லை.

இரண்டாம் பதிப்புக்கு, புத்தகம் அச்சாகும் அதே தாளில் ஒரு மெய்ப்பு கேட்டோம். நண்பன் சேலையையே அச்சகத்துக்கு எடுத்துவந்து பக்கத்தில் விரித்தான். அப்போதும் நிறம் முழுசாகப் பொருந்தவில்லை. அண்ணன் மெஜந்தாவைக் கொஞ்சம் குறைத்து இன்னொரு தாள் எடுத்தார். நண்பன் ஒரு கையைச் சேலையிலும் ஒரு கையைத் தாளிலும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"இவ்ளோதான் வரும், இல்லண்ணே?"

"இவ்ளோதான் தம்பி."

கையெழுத்துப் போட்டான்.