1815-இன் வயலட் செண்டு: மலர்மொழி ஆய்வில் ஒரு விடுபடல்

மலர்மொழியை ஆராய்வோர் பெவர்லி சீட்டனின் 1995-ஆம் ஆண்டு நூலைத் தாண்டித்தான் வர வேண்டும். ஐரோப்பாவின் மலர்மொழிப் புத்தகங்களை அவரளவுக்குப் பொறுமையாக ஒப்பிட்டவர்கள் குறைவு. இன்ன பூவுக்கு இன்ன பொருள் என்ற பட்டியல்களைக் கொண்டு மக்கள் உண்மையில் செய்தி பரிமாறிக்கொண்டதற்குச் சான்று இல்லை என்றே சொல்லலாம் என்பது அவர் முடிவு. பட்டியல்களைப் பொறுத்தவரை இதை நான் ஏற்கிறேன். நூலுக்கு நூல் பொருள் மாறும்போது, இருவர் கையிலும் ஒரே புத்தகம் இருந்தாலன்றிச் செய்தி போய்ச் சேராது.

ஆனால் சீட்டனின் அளவுகோல் புத்தகம்; அவர் தேடுவது இரு தனிமனிதருக்கிடையே நடக்கும் பரிமாற்றம். பூச்செண்டு ஊரறியப் பேசிய இடங்கள் அந்த அளவுகோலுக்குள் வருவதில்லை. அங்கே நீண்ட பட்டியல் தேவைப்படவில்லை. ஒரே பூவும், அதைப் புரிந்துகொள்ளும் ஒரு கூட்டமும் போதுமாயிருந்தன.

பாரிசில் கானு என்ற செதுக்கோவியர் 1815-இல் வெளியிட்ட அச்சுப்படம் ஒன்றை இங்கே முன்வைக்கிறேன். பார்த்தவுடன் தெரிவது ஒரு சிறு வயலட் செண்டு மட்டுமே. இதழும் இலையும் நெருங்கும் ஓரங்களைக் கண்ணால் பின்தொடர்ந்தால் வெற்றிடங்களில் மூன்று பக்கவாட்டு முகங்கள் தெளிகின்றன: நெப்போலியன், மனைவி மரி லூயிஸ், மகன். படத்தின் தலைப்பிலேயே மார்ச் 20, 1815 என்ற நாள் இருக்கிறது. எல்பாத் தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பாரிசுக்குள் நுழைந்த நாள் அது. 1811-இல் அவர் மகன் பிறந்ததும் அதே தேதியில்தான். தெரிந்தவனுக்கு முகம், தெரியாதவனுக்குப் பூ என்று வரையப்பட்ட செண்டு இது. இதைப் படிக்க எந்த அகராதியும் வேண்டியிருக்கவில்லை. இங்கிலாந்தில் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் அதே ஆண்டிலேயே 'கார்ப்பரல் வயலட்' என்ற நெப்போலியனின் பட்டப்பெயரை வைத்துக் கேலிச்சித்திரம் வரைந்தார். அந்தக் குறி கடல் கடந்தும் புரிந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

இதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1819-இல், ஷார்லோட் த லாத்தூர் என்ற புனைபெயரில் பாரிசில் வந்த மலர்மொழி நூல்தான் பிற்காலப் பட்டியல்கள் பலவற்றுக்கு மூலம். அதில் வயலட்டின் பொருள் அடக்கம். அடக்கத்துக்கு வயலட்டைச் சொல்வது பழைய வழக்கம், ஆகவே இதில் வியப்பில்லை என்று விட்டுவிடலாம். நான் விடத் தயாரில்லை. பூர்போன் மன்னர் மீண்டும் அரியணையில் இருக்க, வயலட் அணிவதே நெப்போலியன் பக்தியாகப் பார்க்கப்பட்ட நகரில் அந்நூல் அச்சாயிற்று. வாசகர்கள் அனைவரும் அறிந்திருந்த ஒரு பொருளை அது குறிக்காமல் விட்டிருக்கிறது. நூலாசிரியரின் நோக்கத்தைக் காட்டும் ஆவணம் என் கையில் இல்லை. ஆயினும் இந்த மௌனத்தைத் தற்செயல் என்று கொள்வதற்குத்தான் கூடுதல் ஆதாரம் தேவை என்பேன். மலர்மொழி நூல்கள் தெருவில் வழங்கிய பூக்குறியிலிருந்து அரசியலைக் கழித்துவிட்டே வரவேற்பறைக்குள் நுழைந்தன. அந்த நூல்களிலிருந்து தொடங்கும் சீட்டனுக்குக் கழிக்கப்பட்ட பகுதி தெரிய வாய்ப்பில்லை.

இந்த வழக்கம் பிரான்சோடு நின்றுவிடவுமில்லை. பிரிட்டிஷ் அரசியல் தலைவர் பெஞ்சமின் டிஸ்ரேலி 1881 ஏப்ரல் 19-இல் இறந்தபின், அந்த நாளில் பிரிம்ரோஸ் மலரைச் சட்டையில் செருகுவது பிரிட்டிஷ் பழமைவாதக் கட்சியினரின் அடையாளமாயிற்று. 1883-இல் அப்பூவின் பெயரிலேயே ஒரு கழகம் தோன்றியது.

காலம் குறித்த ஒரு சிக்கலை மட்டும் தீர்க்க முடியவில்லை. நெப்போலியன் எல்பாவில் இருந்தபோதே, வயலட் பிடிக்குமா என்று கேட்டு ஆதரவாளர்கள் ஒருவரையொருவர் இனங்கண்டுகொண்டார்கள் என்று பிற்கால நூல்கள் கூறுகின்றன. கானுவின் படம் மார்ச் 20-க்குப் பின்னர் வந்தது. அதற்கு முந்தைய நிலைக்கு அது சாட்சியாகாது. வசந்தத்தில் வயலட் பூத்திருந்த வேளையில் அவர் திரும்பியதால் இந்தக் கதை பின்னோக்கிப் புனையப்பட்டதாகவும் இருக்கலாம். 1814-ஆம் ஆண்டுக் கடிதமோ காவல் அறிக்கையோ இதை உறுதிசெய்யும்வரை, இக்குறியின் தொடக்கத்தை 1815 மார்ச்சுக்கு முன் கொண்டுபோக நான் துணியமாட்டேன்.